ஐஸில் சறுக்கி விழுந்தால் வீட்டுக்காரர் பொறுப்பா? ரோட்டிலிருந்து பேஸ்மென்ட் கதவு வரை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். போன கோடையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பேஸ்மென்டை, அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தை, ஒரு தம்பிக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பக்கவாட்டுப் பாதையில் பனி அள்ளுவதும் உப்புப் போடுவதும் வாடகைக்கு இருப்பவர் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டீர்கள். இரண்டு கிழமைக்கு முன், ஊரிலிருந்து சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான விசா) வந்திருந்த அவருடைய அம்மா, பின்னேரம் ஆறு மணி போல அந்தப் பாதையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. தம்பியோ "பரவாயில்லை அக்கா, நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம்" என்கிறார். இதற்கு நீங்கள் பொறுப்பா, வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் யாராவது விழுந்தால் அதற்கும் பொறுப்பா என்று கேட்கிறீர்கள்.

பக்கப் பாதைக்குப் பெரும்பாலும் ஆம். நடைபாதைக்குப் பெரும்பாலும் இல்லை. அந்த இரண்டு "பெரும்பாலும்"களுக்குள்தான் விஷயமே இருக்கிறது.

நான் சட்டத்தரணி இல்லை. காப்புறுதி இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் அட்ஜஸ்டர் வேலை செய்கிறவன். ஜனவரி பிறந்தால் மேசையில் வந்து விழும் கோப்புகளில் பாதி சறுக்கல்தான். கோப்பைத் திறந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி "எப்படி விழுந்தார்?" அல்ல, "எந்த இடத்தில் விழுந்தார்?" என்பது. ஒன்ராறியோவில் பத்தடி தள்ளி விழுந்தால் சட்டமே மாறிவிடும். அதனால் ரோட்டில் தொடங்கி உங்கள் பேஸ்மென்ட் கதவு வரை ஒருமுறை நடந்து பார்ப்போம்.

முதலில் வருவது நடைபாதை. அது உங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்தாலும் மாநகரசபையின் சொத்து. அங்கே பனியிலோ ஐஸிலோ விழுந்தவர் வழக்குப் போட வேண்டியது மாநகரசபை மீது. அதுவும் லேசில் முடியாது. சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவு என்று காட்ட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் ரொறன்ரோ மாநகரச் சட்டம் சொல்கிறது. அதோடு விழுந்த 10 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். மற்ற நகரங்களுக்கு 2001ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்திலும் இதே ஏற்பாடுதான். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் பத்து நாளை எண்ணிக்கொண்டா இருப்பார்? வழக்கே இல்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர். (இறப்பு நேர்ந்தால் விதிவிலக்கு உண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்து, அதனால் எதிர்த்தரப்புக்குப் பாதகம் இல்லை என்றாலும் நீதிமன்றம் இடம் கொடுக்கலாம்.)

"ஆனால் நடைபாதையைத் துப்பரவாக்குவது வீட்டுக்காரர் வேலை என்று சொல்கிறார்களே?" என்று கேட்பீர்கள். பல நகரங்களில் அப்படித் துணைவிதி, அதாவது மாநகரசபை போடும் உள்ளூர்ச் சட்டம், உண்டு. ரொறன்ரோவிலும், மாநகரசபை தானே துப்பரவாக்காத இடங்களில், பனி நின்று 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் மாநகரசபை உங்களிடம் அபராதம் வாங்கலாம். விழுந்தவர் உங்களிடம் இழப்பீடு வாங்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. வோன் நகரில் நடந்த ஒரு விழுகை பற்றிய வழக்கில் 2000ஆம் ஆண்டு ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: துணைவிதியை மீறியது மட்டும் காரணமாக, பக்கத்து வீட்டுக்காரர் நடைபாதையில் விழுந்தவருக்குப் பொறுப்பாகிவிட மாட்டார்.

அதே தீர்ப்பு இரண்டு கதவுகளைத் திறந்தும் வைத்திருக்கிறது. ஒன்று, நடைபாதையின் ஒரு துண்டைத் தன் இடம் போலவே ஒருவர் கையாண்டால். இது வீடுகளைவிடக் கடைகளுக்குத்தான் பொருந்தும். மற்றது, உங்கள் காணியிலிருந்து ஏதாவது வழிந்துபோய் நடைபாதையில் ஆபத்தை உண்டாக்கினால். கூரைத் தண்ணீர் டிரைவ்வே (ரோட்டிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதை) வழியாக இறங்கி நடைபாதையில் உறைந்து கிடந்தால் "அது மாநகரசபை இடம்" என்று கை விரிக்க முடியாது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

சரி, நடைபாதையைத் தாண்டி டிரைவ்வேக்குள் கால் வைத்தாயிற்று. பனிவண்டி போகிற போக்கில் டிரைவ்வே வாயிலில் ஒரு பனி வரப்பைக் கட்டிவிட்டுப் போகும். அதைத் திட்டிக்கொண்டே திரும்ப ரோட்டில் வீசுகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அது குற்றம், செய்யாதீர்கள். இங்கிருந்து முன்படி வரை உங்கள் இராச்சியம்.

இங்கே ஆள்வது ஒன்ராறியோவின் இடப்பொறுப்பாளர் கடமைச் சட்டம். 1980இல் வந்தது. அதன் மூன்றாம் பிரிவில் உள்ளதுதான் எல்லாவற்றுக்கும் வேர்: உங்கள் இடத்துக்குள் வருகிறவர்கள் நியாயமான அளவு பாதுகாப்பாக இருப்பதற்கு, அந்தச் சூழ்நிலையில் நியாயமான கவனத்தை நீங்கள் எடுக்க வேண்டும். நியாயமான கவனம் போதும், நூறு வீதம் அல்ல. ஐஸ் இருந்தது என்பதே உங்களைக் குற்றவாளியாக்காது. கொட்டுகிற பனியை நிமிடத்துக்கு நிமிடம் அள்ளு என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது இதுதான்: உங்களிடம் ஒரு ஒழுங்குமுறை இருந்ததா, அன்றைக்கு அதைச் செய்தீர்களா?

இந்த நியாயத்தை ஊர் வழக்கத்தை வைத்து அளக்க முடியாது என்பதற்குக் கனடா உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஒன்ராறியோவில் சிம்கோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. 1984 பெப்ரவரியில் அங்கே விருந்தாளியாகப் போன ஒருவர், காரில் இருந்த சிகரெட்டை எடுக்க வெளியே போய், கார் நிறுத்துமிடத்து ஐஸில் விழுந்து மண்டை ஓடு வெடித்துப் போனது. வீட்டில் இருந்தவர்கள் சொன்ன பதில், "நாட்டுப்புறத்தில் யாருமே உப்பும் போடுவதில்லை, மணலும் போடுவதில்லை." எல்லோரும் செய்யாமல் இருப்பதால் செய்யாதது நியாயமாகிவிடாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. "சறுக்கும் என்று தெரிந்துதானே போனார்?" என்ற வாதமும் எடுபடவில்லை. ஆபத்து தெரிந்திருப்பது வேறு, விழுந்தால் வழக்குப் போடும் உரிமையையே விட்டுக்கொடுப்பது வேறு. "அந்த அம்மாவுக்கு ஐஸ் இருக்கும் என்று தெரியும்தானே" என்று நீங்கள் யோசித்திருந்தால், அதற்கான பதில் 1991இலேயே வந்துவிட்டது.

இப்போது வீட்டின் பக்கத்துக்குத் திரும்புகிறோம். உங்கள் சிக்கல் இங்கேதான்.

ஒப்பந்தத்தில் எழுதிய அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பராமரிப்பு விதிகளின்படி, வெளிப்புறப் பொது இடங்களில் ஆபத்தான பனியும் ஐஸும் சேராமல் பார்ப்பது வீட்டுச் சொந்தக்காரர் கடமை. அந்தச் சட்டத்துக்கு முரணாக ஒப்பந்தத்தில் எதை எழுதினாலும் செல்லாது. 2009இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போன வழக்கு உங்கள் கதையேதான்: பேஸ்மென்ட், வெளிப் பாதை, ஐஸ், பனி அள்ளுவது வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. விழுந்ததும் வாடகைக்கு இருந்தவரே. அந்த வரி செல்லாது என்றது நீதிமன்றம். வாடகைக்கு இருப்பவரே பனி அள்ள வேண்டுமென்றால், அதைத் தனியான ஒரு வேலை ஒப்பந்தமாக எழுத வேண்டும். அதற்கென்று ஒரு கூலி இருக்க வேண்டும், வாடகையில் மாதம் இவ்வளவு கழிவு என்று வைத்தாலும் சரி. அப்படிச் செய்தாலும் சட்டத்தின் முன் உங்கள் கடமை உங்களோடுதான் இருக்கும். அவர் வேலையைச் செய்தாரா என்று பார்ப்பது உங்கள் பாடு. முழு வீட்டையும் ஒரே குடும்பத்துக்குக் கொடுத்திருந்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரிப் போகலாம், உங்களுக்கு அது பொருந்தாது.

காசு கொடுத்துப் பனி அள்ள ஆள் வைப்பவர்களுக்கும் இதே மாதிரித்தான். ஆள் வைத்தது நியாயமாக இருந்து, அவர் வேலை தெரிந்தவரா என்று பார்த்து, வேலை ஒழுங்காக நடந்ததா என்றும் கவனித்திருந்தால் அவருடைய பிழைக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று இடப்பொறுப்பாளர் கடமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. "சீசனுக்குக் காசைக் கட்டிவிட்டேன், அதோடு மறந்துவிட்டேன்" என்பது கவனித்தது ஆகாது.

அந்த அம்மா விழுந்த இடத்தைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி என் கண்ணில் குத்தியது: "பகல் முழுக்கப் பனி கொட்டவே இல்லை." பிறகு ஐஸ் எங்கிருந்து வந்தது? நாளைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தப் பாதைக்குப் போய் கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். மத்தியானம் வெயில் பட்டு, அல்லது அட்டிக் (கூரைக்குக் கீழே உள்ள வெற்றிடம்) வழியாக வீட்டுச் சூடு மேலே போய், கூரைப் பனி உருகும். குழாய் வழியே சொட்டுச் சொட்டாகப் பாதையில் இறங்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி, வெயிலே படாத நிழல். நாலரைக்குப் பொழுது சாயத் தொடங்க, அந்தத் தண்ணீர் கொங்கிரீட்டின் நிறத்திலேயே கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். காலையில் போட்ட உப்பையும் அது கழுவிக்கொண்டு போயிருக்கும். இதைத்தான் பிளாக் ஐஸ் என்கிறார்கள். கறுப்பு என்று பெயரில்தான், கண்ணுக்கு அது ஈரம் மாதிரித்தான் தெரியும்.

ரொறன்ரோவில் இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. முன்பு இந்தக் குழாய்கள் நிலத்தடியில் நகரக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்திருந்தன. மழை வெள்ளத்தில் பேஸ்மென்ட்களுக்குள் கழிவுநீர் ஏறியதால், அவற்றைத் துண்டித்துத் தண்ணீரை நிலத்தில் விட வேண்டும் என்று மாநகரசபை கட்டாயமாக்கியது. கட்டம் கட்டமாக வந்து 2016இல் முழு நகரமும் அதற்குள் அடங்கியது. நல்ல காரணம்தான். ஆனால் பல வீடுகளில் வெட்டிய குழாயின் வாய் நேரே நடக்கிற பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. துண்டிப்பதால் ஆபத்து உண்டாகும் என்றால் விலக்குக் கேட்கலாம் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. கேட்டவர்கள் குறைவு.

சட்டப்படி இது உங்களுக்கு நல்ல செய்தி அல்ல. வானத்திலிருந்து விழுந்த பனி என்றால் "இப்போதுதான் நின்றது, அதற்குள் எப்படி அள்ளுவது" என்று சொல்ல இடம் உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உறைகிற தண்ணீர் எதிர்பாராதது இல்லை. எதிர்த்தரப்பு சட்டத்தரணி முதலில் செய்வது, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் மணித்தியால வெப்பநிலைப் பதிவை எடுப்பதுதான். அரசாங்க வானிலைத் தளத்தில் யாரும் எடுக்கலாம். மத்தியானம் பிளஸ் 2, ஆறு மணிக்கு மைனஸ் 4 என்று ஒரு வரி இருந்தால் போதும், உருகி உறைந்த கதையை அதுவே சொல்லிவிடும்.

உங்கள் பக்கத்தில் என்ன பதிவு இருக்கிறது? பெரும்பாலான கோப்புகள் இங்கேதான் சரிகின்றன. "நாங்கள் எப்போதும் உப்புப் போடுவோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். "அந்த வியாழக்கிழமை?" என்று கேட்டால் புருஷன் மனைவியைப் பார்ப்பார், மனைவி புருஷனைப் பார்ப்பார். என் வீட்டில் பக்கக் கதவுக்குள்ளே, தமிழ்க் கடையில் கொடுத்த கலண்டர் தொங்குகிறது. அமாவாசைக்கும் சதுர்த்திக்கும் நடுவே மனைவியின் எழுத்தில் "6.40 உப்பு", "5.15 பார்த்தது, ஈரம் இல்லை" என்று இருக்கும். பேனை நூலில் கட்டிக் கிடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் பொதி கொண்டுவந்த ஒரு பையன் எங்கள் முன்படியில் விழுந்தான். அன்றைய கட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இந்த வேலையிலேயே இருக்கிற எனக்கே அப்படி! நல்ல காலம், அவன் எழும்பித் தட்டிக்கொண்டு போய்விட்டான். கலண்டர் அதற்குப் பிறகு வந்தது. உங்களுக்குப் போனில் படம் எடுப்பது சுலபம் என்றால் அதுவும் நல்லதுதான், நேரமும் சேர்ந்து பதிவாகும்.

உப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10 வரைக்கும்தான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் கல்சியம் குளோரைட் கலந்தது வாங்குங்கள், இல்லாவிட்டால் மணல் தூவுங்கள். மணல் உருக்காது, ஆனால் சப்பாத்துக்குப் பிடி கொடுக்கும். ஒரு வாளி உப்பைக் குவியலாகக் கொட்டுவதில் பயனில்லை. பழைய மாஜரின் டப்பாவால் அள்ளிப் பரவலாக எறிந்தால் போதும்.

இனி, "ஒன்றும் கேட்க மாட்டோம்" என்ற தம்பியின் வார்த்தை. அவர் மனதாரத்தான் சொல்லியிருப்பார், நம்புங்கள். ஆனால் கேட்பது அவர் மட்டும் இல்லை. சூப்பர் விசாவில் வந்தவருக்கு இங்கே ஓஹிப், அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, கிடையாது. விசாவுக்காகக் குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிய அந்த நிறுவனம், விழுந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அதைத் திருப்பிக் கேட்கலாம். விழுந்தவருக்கு ஓஹிப் இருந்திருந்தால் மாகாண அரசுக்கும் அதே உரிமை உண்டு. அம்மாவுக்குக் கை திரும்பச் சரியாக மடங்காமல் போனால் தம்பியின் மனமும் மாறலாம், அதில் பிழையும் இல்லை.

கேட்பதற்குக் கால எல்லை உண்டு. 2021 ஜனவரி 29இலிருந்து, தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். திகதி, நேரம், இடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். கையில் கொடுக்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். வழக்குப் போட இரண்டு வருடம். மாநகரசபைக்குச் சொன்ன அதே விதிவிலக்குகள் இங்கேயும் உண்டு, அதனால் 61ஆம் நாள் வந்துவிட்டது என்று பால் பொங்கத் தேவையில்லை. அப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால், பனி அள்ள ஆள் வைத்திருப்பவராக இருந்தால், அதன் பிரதியை அவருக்கும் அனுப்ப வேண்டியது உங்கள் கடமை.

இப்போதே உங்கள் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். கடிதம் வரட்டும் என்று இருக்காதீர்கள். பிந்திச் சொன்னதையே காரணம் காட்டிக் கைவிடக்கூடும். சாதாரண வீட்டுக் காப்புறுதியில் பிறருக்கு நேரும் காயத்துக்கு ஒரு மில்லியன் அல்லது இரண்டு மில்லியன் டொலர் வரை பாதுகாப்பு இருக்கும். ஆனால் ஒரு கேள்வி, கோபிக்காதீர்கள்: பேஸ்மென்டை வாடகைக்குக் கொடுத்ததை அவர்களிடம் சொன்னீர்களா? "பிரீமியம் கூடும்" என்று சொல்லாமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாதம் சில டொலரை மிச்சம் பிடித்து, கடைசியில் சட்டத்தரணிச் செலவிலிருந்து இழப்பீடு வரை சொந்தக் கையால் கட்டும் நிலைக்கு வந்தவர்களும் அதில் உண்டு. சொல்லவில்லையென்றால், நிறுவனத்தோடு பேசுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

தொகை எவ்வளவு வரும் என்று என்னால் சொல்ல முடியாது. மணிக்கட்டு எப்படிப் பொருந்துகிறது என்பதில் இருக்கிறது. விழுந்தவரிடமும் பிழை இருந்தால், வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார் என்பது மாதிரி, அந்தப் பங்கைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். வழக்கு அதோடு முடிந்துவிடாது, தொகை குறையும். பிள்ளைகளும் கணவரும் குடும்பச் சட்டத்தின் கீழ்த் தங்கள் இழப்புக்குத் தனியாகக் கேட்கலாம்.

போய் அந்த அம்மாவைப் பார்க்கலாமா, மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆகுமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். போய்ப் பாருங்கள். தோடம்பழமும் வாங்கிக்கொண்டு போங்கள். ஒன்ராறியோவில் 2009ஆம் ஆண்டிலிருந்து மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்டதைச் சிவில் வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவர முடியாது. காசு கொடுப்பது, செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது, கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குவது, இவற்றை மட்டும் காப்புறுதி நிறுவனத்தைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

அப்புறம் அந்தக் குழாய். வாடகை ஒப்பந்தத்தைத் திருத்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஆனால் முதலில் இப்போது இருக்கிறபடி நாலு பக்கமிருந்தும் படம் எடுத்து வைத்துவிடுங்கள். ஹார்ட்வெயர் கடையில் ஒரு முழங்கை மூட்டும் நீட்டுக் குழாயும் வாங்கி, வாயைப் பின்வளவுப் புல்லுக்குத் திருப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சுவர்ப் பக்கம் திருப்பாதீர்கள். சுலபமாக இருக்கிறது என்று டிரைவ்வே பக்கமும் திருப்ப வேண்டாம், அங்கிருந்து அது நடைபாதைக்கு இறங்கும். முதலில் சொன்ன இரண்டாவது கதவு அதுதான்.